இலவசக் கணக்குக் கொப்பியும் எங்கள் வீட்டு இரகசியமும்

கணக்கு எழுதுவது எமது பெண்களுக்குப் புதிய விடயம் அல்ல. வெள்ளாங்குளத்தில் பல வீடுகளில் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய கொப்பி இருக்கும். பிள்ளையின் பாடசாலைக் கொப்பியில் மிஞ்சிய தாள்களைச் சேர்த்துத் தைத்ததாகவும் அது இருக்கலாம். கடைக்குக் கொடுக்க வேண்டியது, சீட்டுக்குக் கட்டியது, கிழமைக் கடனுக்குக் கட்டியது, பிள்ளையின் ரியூசன் காசு, மண்ணெண்ணெய், மீன், மருந்து எல்லாம் அதில் இருக்கும். குடும்பத்தைத் தனியாகச் சுமக்கும் பெண்ணுக்கு அந்தக் கொப்பிதான் துணை. யாருக்கு எவ்வளவு கொடுத்தேன் என்று அடித்துச் சொல்ல அது ஒன்றே சாட்சி.

நான் எங்கள் ஊரில் பெண்கள் சேமிப்புக் குழுவொன்றின் கணக்கை எழுதி வருகிறேன். அண்மைக் காலமாகக் கூட்டங்களில் ஒரு புதிய கதை அடிபடுகிறது. "கொப்பி எதுக்கு அக்கா? போனில அப் ஒண்டு இருக்கு. இலவசம். வங்கியில இருந்து எஸ்.எம்.எஸ். வந்தால் அதுவே பாத்துக் கணக்கைப் போடும்" என்று இளம் பெண்கள் சொல்கிறார்கள். உண்மைதான். வீட்டு வரவு செலவை எழுதவென்றே பல செயலிகள் இருக்கின்றன. கூட்டிக் கழித்துத் தரும், படம் போட்டுக் காட்டும், "இந்த மாதம் செலவு கூடிவிட்டது" என்று எச்சரிக்கையும் செய்யும். காசு எதுவும் கேட்பதில்லை.

அந்தச் செயலி எமது கணக்கை எழுதித் தருவதற்குப் பதிலாக எம்மிடம் இருந்து எதை எடுத்துக் கொள்கிறது? அதைப் பற்றியதே இந்தக் கட்டுரை.

ஒரு மாதக் கணக்கு என்ன சொல்லும்?

எங்கள் குழுக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசியபோது வயதில் மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: "எங்கட பத்து ரூபாய்க் கணக்கை வச்சு அவன் என்ன பிள்ளை செய்யப் போறான்? எங்களிட்ட என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்காக நாங்கள் ஒரு கற்பனைப் பக்கத்தை எழுதிப் பார்த்தோம். ஐந்தாம் திகதி அஸ்வெசும காசு வங்கிக்கு வந்தது. எட்டாம் திகதி வெளிநாட்டில் இருக்கும் தம்பி காசு அனுப்பினான். ஒன்பதாம் திகதி அடகு வைத்த சங்கிலி மீட்டது. ஒவ்வொரு செவ்வாயும் கிழமைக் கடன். பதினைந்தாம் திகதி மன்னார் ஆஸ்பத்திரிக்குப் பஸ் காசு, வெளியில் வாங்கிய மருந்து. இருபதாம் திகதி காணாமல் போன மகனின் விடயமாகக் கொழும்புக்குப் போய் வந்த செலவு. இருபத்தைந்தாம் திகதிக்குப் பின் எல்லாம் கடைக் கடன்.

இந்தப் பக்கத்தை அந்நியர் ஒருவர் வாசித்தால் என்ன தெரிந்து கொள்வார்? இந்தப் பெண்ணுக்கு வெளிநாட்டில் உறவு உண்டு. எட்டாம் திகதிக்குப் பிறகு கையில் காசு இருக்கும். வீட்டில் ஒரு சங்கிலி இருக்கிறது. இவருக்கு ஏதோ நோய். காணாமல் போன ஒருவரைத் தேடுகிறார். அதற்காக வீட்டைப் பூட்டிவிட்டு ஊர் கடந்து போகிறார். மாதக் கடைசியில் எந்த வட்டிக்கும் கடன் வாங்கச் சம்மதிப்பார்.

அந்த அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "உதை நான் என்ரை கூடப் பிறந்ததுக்கும் சொல்ல மாட்டன்" என்றார்.

காசு குறைந்த வீட்டின் கணக்குக்கு மதிப்பில்லை என்று நாம் நினைக்கிறோம். கடன் கொடுப்பவருக்கும் பொருள் விற்பவருக்கும் அது அப்படியல்ல. எந்த நாளில் எமக்குத் தட்டுப்பாடு வருகிறது என்பதே அவர்கள் தேடும் தகவல். கிழமைக் கடன் அறவிட வருபவர் எமது கையில் காசு இருக்கும் நாளை முன்கூட்டியே அறிந்து வந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இலவசம் என்றால் யார் காசு கொடுக்கிறார்?

ஒரு செயலியை உருவாக்கி நடத்துவதற்குச் செலவு உண்டு. வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். எமது பதிவுகளைச் சேமித்து வைக்கும் பெரிய கணினிகளுக்கு வாடகை கட்ட வேண்டும். நாம் காசு கொடுக்காவிட்டால் வேறு யாரோ கொடுக்கிறார்கள். பொதுவாக மூன்று வழிகளில் அந்தக் காசு வருகிறது. முதலாவது விளம்பரம். இரண்டாவது, எம்மைக் கடனுக்கோ வங்கி அட்டைக்கோ அனுப்பி வைத்துத் தரகு வாங்குவது. மூன்றாவது, திரட்டிய தகவலை வேறு நிறுவனங்களுக்கு விற்பது.

அமெரிக்காவில் மின்ட் என்ற இலவசக் கணக்குச் செயலி பெயர் பெற்றிருந்தது. 2007ஆம் ஆண்டு தொடங்கிய அதை, 2009ஆம் ஆண்டு இன்டியூட் நிறுவனம் 170 மில்லியன் டொலருக்கு வாங்கியது. பாவிப்பவர்களிடம் அது ஒரு சதமும் வாங்கவில்லை. அவர்களுடைய வரவு செலவைப் பார்த்து, பொருத்தமான கடன் அட்டைகளையும் கடன்களையும் காட்டுவதில் இருந்து வருமானம் வந்தது. 2024 மார்ச்சில் மின்ட் மூடப்பட்டது. பல வருடக் கணக்கை அதில் வைத்திருந்தவர்கள் அதே நிறுவனத்தின் இன்னொரு சேவைக்குப் போகும்படி கேட்கப்பட்டார்கள். எமது கணக்குக் கொப்பி இன்னொருவரின் அலுமாரியில் இருந்தால் அந்த அலுமாரியை எப்போது பூட்டுவது என்பதையும் அவரே தீர்மானிப்பார்.

அதே நாட்டில், கணக்குச் செயலிகளையும் வங்கிகளையும் இணைத்துக் கொடுக்கும் பிளாய்ட் என்ற நிறுவனம், தேவைக்கு மேலாகத் தகவல் எடுத்தது என்று தொடரப்பட்ட வழக்கை 58 மில்லியன் டொலர் கொடுத்துச் சமரசமாக முடித்தது. குற்றத்தை அது ஏற்கவில்லை. என்றாலும், இந்தத் தகவலுக்கு எவ்வளவு பெறுமதி இருக்கிறது என்பதை அந்தத் தொகை சொல்கிறது.

எமக்கு அருகில் உள்ள உதாரணம் இந்தியாவின் வால்நட். வங்கி அனுப்பும் எஸ்.எம்.எஸ்.களை வாசித்துத் தானாகவே வரவு செலவு எழுதும் இலவசச் செயலியாக அது தொடங்கியது. 2018ஆம் ஆண்டு, கடன் கொடுக்கும் நிறுவனமான கேபிட்டல் ஃப்ளோட் அதை வாங்கியது. பின்னர் அது ஆக்சியோ என்று பெயர் மாறியது. செலவை எழுதித் தந்த அதே செயலியில் கடனும் வந்தது. மணிவியூ என்ற இன்னொரு செயலியும் காசுக் கணக்கு எழுதும் செயலியாகத் தொடங்கிக் கடன் வழங்கும் நிறுவனமாக மாறியது. இவர்கள் சட்டத்தை மீறினார்கள் என்று நான் சொல்லவில்லை. கணக்கு எழுதுவதற்கும் கடன் விற்பதற்கும் இடையில் உள்ள தூரம் எவ்வளவு சிறியது என்பதைத்தான் சொல்கிறேன். கடன்காரரே எமக்கு இலவசமாகக் கொப்பி வாங்கித் தந்து, "இதில் எழுதுங்கள், நான் அடிக்கடி வந்து பார்க்கிறேன்" என்று சொன்னால் நாம் அதில் எழுதுவோமா?

"அனுமதி" என்ற சொல்

புதிய செயலியைப் போனில் ஏற்றும்போது சில கேள்விகள் வரும். எஸ்.எம்.எஸ். வாசிக்கலாமா? தொடர்பு இலக்கங்களைப் பார்க்கலாமா? இருக்கும் இடத்தை அறியலாமா? படங்களைத் திறக்கலாமா? பலர் வாசிக்காமலே "அனுமதி" என்பதை அழுத்திவிடுகிறோம்.

எஸ்.எம்.எஸ். வாசிக்க விட்டால் வங்கிச் செய்தி மட்டும் போவதில்லை. ஆஸ்பத்திரித் தவணை, பாடசாலைச் செய்தி, நண்பியின் செய்தி எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. வங்கி அனுப்பும் ஒரு தடவைக் கடவு இலக்கமும், அதாவது ஓ.டி.பி.யும், அங்கேதான் வருகிறது. அந்த இலக்கம் தீயவர் கையில் கிடைத்தால் கணக்கில் உள்ள காசையே எடுக்க முடியும்.

தொடர்பு இலக்கங்களைக் கொடுத்தால் எமது தகவல் மட்டும் போகாது. கனடாவில் உள்ள தங்கை, பிரான்சில் உள்ள மச்சாள், கிராம அலுவலர், பிள்ளையின் ஆசிரியை எல்லோருடைய பெயரும் இலக்கமும் சேர்ந்து போகும். அவர்கள் யாரும் எம்மிடம் சம்மதம் தரவில்லை.

படங்களில் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. எமது பெண்கள் பலர் அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரம், காணாமல் போனவரின் படம், கொடுத்த முறைப்பாட்டுப் பிரதி எல்லாவற்றையும் போனில் படமாக வைத்திருக்கிறார்கள். இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்களுக்கு அது ஒரு பாதுகாப்பு. அந்தப் பெட்டகத்தின் திறப்பை ஒரு கணக்குச் செயலிக்கு ஏன் கொடுக்க வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. போனின் மேற்பகுதியில் வரும் அறிவித்தல்களை வாசிக்கும் அனுமதியைச் சில செயலிகள் கேட்கும். அதைக் கொடுத்தால் வட்ஸ்அப், வைபர் செய்திகளின் அறிவித்தல்களும் அதன் கண்ணில் படும்.

கூகுள் நிறுவனம் 2019ஆம் ஆண்டு முதல் எஸ்.எம்.எஸ். வாசிக்கும் செயலிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. அதில் சில விதிவிலக்குகள் வைத்தது. அவற்றுள் ஒன்று எஸ்.எம்.எஸ். மூலம் வரவு செலவை எழுதும் செயலிகள். அதாவது, மற்றவர்களுக்குச் சாத்திய கதவு கணக்குச் செயலிகளுக்கு கூகுளின் பரிசீலனையுடன் திறந்திருந்தது. பிளே ஸ்டோரில் ஒவ்வொரு செயலியின் கீழும் "தரவுப் பாதுகாப்பு" என்று ஒரு பகுதி உண்டு. அதை எழுதுவது செயலியை உருவாக்கியவரே. கடைக்காரர் தன் மீனைப் பற்றித் தானே சொல்வது போன்றது அது. வாசிக்கத்தான் வேண்டும். முழுதாக நம்பிவிட முடியாது.

இந்தியாவில் நடந்தது

தகவல் தவறான கையில் போனால் என்ன நடக்கும் என்பதை இந்தியாவின் கடன் செயலிகள் காட்டின. கொரோனாக் காலத்தில் வேலை இழந்தவர்கள் சில ஆயிரம் ரூபாய்க்காகப் போனில் கடன் எடுத்தார்கள். கடன் எடுக்கும்போதே தொடர்பு இலக்கங்களையும் படங்களையும் திறக்க அனுமதி கேட்கப்பட்டது. கட்டத் தாமதமானதும் உறவினர், அயலவர், வேலைத்தலம் என்று எல்லோருக்கும் அழைப்புப் போனது. "இவள் கள்ளி" என்ற வகையில் செய்திகள் அனுப்பப்பட்டன. பெண்களின் படங்கள் அசிங்கமாக மாற்றப்பட்டு அனுப்பப்பட்டன. 2020ஆம் ஆண்டின் இறுதியில் தெலங்கானாவில் இத்தகைய தொல்லை தாங்காமல் சிலர் உயிரை மாய்த்துக் கொண்டனர். பொலிஸார் பலரைக் கைது செய்தனர்.

இந்திய ரிசர்வ் வங்கி அமைத்த குழு, 2021ஆம் ஆண்டின் முதல் இரண்டு மாதங்களில் ஏறத்தாழ 1,100 கடன் செயலிகளைக் கண்டது. அவற்றுள் ஏறத்தாழ 600 சட்டவிரோதமானவை. 2022 செப்டெம்பரில் அந்த வங்கி புதிய விதிகளை வெளியிட்டது. கடன் செயலிகள் தொடர்பு இலக்கங்களையும் அழைப்புப் பதிவுகளையும் படங்களையும் தொடக்கூடாது என்றது. கூகுளும் 2023 மே 31 முதல், தனிநபர் கடன் செயலிகள் படங்களையும் தொடர்பு இலக்கங்களையும் பார்ப்பதைத் தடை செய்தது.

இவை கடன் செயலிகள், நாம் பேசுவது கணக்குச் செயலிகள் என்று கேட்கலாம். உண்மை. ஆனால் இரண்டும் கேட்கும் அனுமதிகள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. கணக்கு எழுதும் செயலி ஒருநாள் கடன் செயலியாக மாறலாம் என்பதையும் மேலே பார்த்தோம்.

எமக்கு ஏன் இது கூடுதலாகப் பொருந்தும்?

வெள்ளாங்குளம் மன்னார் மாவட்டத்தின் வடக்கு எல்லையில், மன்னார் - பூநகரி வீதியில் உள்ள ஊர். 2008ஆம் ஆண்டு யுத்தம் எம்மை இங்கிருந்து கிளப்பியது. ஊர் ஊராக நகர்ந்து, 2009ஆம் ஆண்டு செட்டிகுளம் முகாம்களில் இருந்து, பின்னர் மீளக் குடியேறினோம். அந்த வருடங்களில் நாம் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. பெயர், வயது, கணவர் எங்கே, பிள்ளைகள் எத்தனை, நகை உண்டா, வெளிநாட்டில் யார் இருக்கிறார்கள்? கேட்டவருக்கெல்லாம் சொன்னோம். சொன்னால்தான் அரிசி வந்தது. சொன்னால்தான் கூடாரம், தகரம், வீட்டுத்திட்டம் வந்தது. ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க எமக்கு வாய் வரவில்லை.

அந்தப் பழக்கம் எமது விரல்களில் இன்னும் இருக்கிறது. போன் "அனுமதிக்கிறீர்களா?" என்று கேட்டதும் விரல் தானாக "ஆம்" என்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. உயிர் பிழைக்கக் கற்றுக் கொண்ட பழக்கம் அது. ஆனால் இந்தச் செயலிக்குப் பதில் சொல்லாவிட்டால் எமது அரிசி நிற்கப் போவதில்லை. இங்கே "இல்லை" என்று சொல்ல எமக்கு முழு உரிமை உண்டு.

அடுத்தது கடன். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தது. யாழ்ப்பாணத்துக்கு நேர்வழி கிடைத்தது. அந்த வருடங்களில் பஸ்ஸும் வியாபாரமும் வந்தது போல, கடன் கொடுக்கும் கம்பனிகளின் மோட்டார் சைக்கிள்களும் வந்தன. கணவரை இழந்த, தேடிக் கொண்டிருக்கும் பெண்களின் வாசலுக்கே கடன் வந்தது. ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன் என்று எத்தனை குடும்பங்கள் சிக்கின என்பதை இந்தப் பக்கங்களை வாசிக்கும் சகோதரிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. 2018ஆம் ஆண்டு அரசாங்கம், வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு நிவாரணத் திட்டம் அறிவித்தது. மன்னாரும் அதில் ஒன்று. நாட்டின் அரசே தலையிட வேண்டிய அளவுக்கு அந்தச் சுமை இருந்தது.

அப்படியான இடத்தில் வாழும் பெண்ணின் வரவு செலவு, அவள் எந்த நேரத்தில் இணங்கிப் போவாள் என்பதைச் சொல்லும் வரைபடம். அதை யாருக்கும் இலவசமாகக் கொடுக்க முடியாது.

எங்கள் குழுவில் உள்ள ஒரு தங்கை இவ்வாறான செயலியொன்றைச் சில மாதங்கள் பாவித்தார். கேட்ட அனுமதிகள் எல்லாவற்றையும் கொடுத்திருந்தார். பின்னர் "உங்களுக்கு உடனடிக் கடன் தயார்" என்று செய்திகள் வரத் தொடங்கின. பெரும்பாலும் மாதக் கடைசியில் வந்தன. அந்தச் செயலிதான் காரணமா என்று எம்மால் சொல்ல முடியவில்லை. இலக்கம் வேறு வழியிலும் போயிருக்கலாம். தகவல் எந்த வழியால் கசிந்தது என்று பின்தொடர்ந்து பிடிக்க எம் போன்றவர்களுக்கு வழியில்லை. ஆகவே கசியுமுன் காப்பதே எமக்குள்ள வழி.

வீட்டுக்குள்ளும் ஒரு கண்

அந்நியரை மட்டும் யோசித்தால் போதாது. எமது வீடுகளில் ஒரு போனைப் பலர் பாவிப்பார்கள். மகன் விளையாடுவான், மருமகன் அழைப்பு எடுப்பான், அண்ணன் வாங்கிப் பார்ப்பார். "உங்கள் சேமிப்பு இவ்வளவு" என்று செயலி திரையில் அறிவித்தல் போட்டால் அதை யாரும் வாசிக்கலாம். மகளின் படிப்புக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு குடிக்குப் போன கதைகள் எமது ஊர்களில் உண்டு. ஒரு பெண் தனக்கென்று வைத்திருக்கும் சிறு சேமிப்பு சில வேளைகளில் அவளது பாதுகாப்பே. அது பேராசை அல்ல, ஒளிப்பும் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. எம்மைப் பற்றி என்ன தகவல் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவும், பிழையைத் திருத்தச் சொல்லவும், கொடுத்த சம்மதத்தை மீளப் பெறவும், அழிக்கும்படி கோரவும் அது உரிமைகளை வகுத்தது. அவற்றை மேற்பார்வை செய்ய ஓர் அதிகாரசபையும் உருவாக்கப்பட்டது. ஆனால் முக்கியமான பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரும் என்று குறிக்கப்பட்டிருந்து பிற்போடப்பட்டன. அதே ஆண்டு சட்டமும் திருத்தப்பட்டது.

சட்டம் வந்தது நல்லது. அதேவேளை, செயலியை நடத்துபவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்றே தெரியாதபோது வெள்ளாங்குளத்தில் இருந்து ஒரு பெண் அவரைத் தேடிப் பிடிப்பது இலகுவல்ல. சட்டத்தை அறிந்திருப்போம். காவலை நாமே தொடங்குவோம்.

நாம் செய்யக்கூடியவை

1. கணக்கு எழுதுவதை நிறுத்த வேண்டாம். கடன்காரரிடம் "இவ்வளவு கட்டிவிட்டேன்" என்று நிமிர்ந்து சொல்லக் கணக்கு வேண்டும். கொப்பியும் பேனையும் போனில் உள்ள கணிப்பானும் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். கொப்பியை வேறு யாரும் வாசிக்கக்கூடும் என்றால் உங்களுக்கு மட்டும் விளங்கும் அடையாளங்களைப் பாவியுங்கள். கடனுக்கு ஒரு புள்ளி, நகைக்கு ஒரு கோடு, தம்பியின் காசுக்கு ஒரு வட்டம் என்று வைத்துக் கொள்ளலாம்.

2. செயலிதான் வேண்டும் என்றால், நீங்களே கையால் எண்களைப் பதியும் வகையைத் தெரிவு செய்யுங்கள். அதற்கு எஸ்.எம்.எஸ்., தொடர்பு இலக்கம், இடம், படம் எதுவும் தேவையில்லை. இவற்றைக் கேட்டால் "அனுமதிக்க வேண்டாம்" என்பதை அழுத்துங்கள். அனுமதி இல்லாமல் இயங்க மறுக்கும் செயலி உங்களுக்கு வேண்டாம்.

3. பெயர், அடையாள அட்டை இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், கடவுச்சொல் எதையும் கணக்குச் செயலியில் எழுத வேண்டாம். "தம்பி கனடா" என்று எழுதுவதற்குப் பதிலாக "வரவு" என்று மட்டும் எழுதினாலும் கூட்டல் சரியாகவே வரும்.

4. ஏற்கெனவே பாவிப்பவர்கள் போனின் செட்டிங்ஸில் அப்ஸ் என்ற பகுதிக்குப் போய், அந்தச் செயலியைத் தொட்டு, பெர்மிஷன்ஸ் என்பதைத் திறந்து பாருங்கள். கொடுத்த அனுமதிகளை அங்கேயே நிறுத்தலாம். போனைப் பற்றித் தெரிந்த, நீங்கள் நம்பும் பெண்ணொருவரைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள்.

5. செயலியைப் போனில் இருந்து அழித்தால் மட்டும் போதாது. நீங்கள் பதிந்தவை நிறுவனத்தின் கணினியில் இருக்கலாம். முதலில் உங்கள் கணக்கைக் கொப்பியில் எழுதிக் கொள்ளுங்கள். பின்னர் செயலிக்குள் "கணக்கை நீக்கு" என்ற வசதியைத் தேடிக் கோரிக்கை கொடுங்கள். பயனர் கணக்கு திறக்கச் சொல்லும் செயலிகள் இந்த வசதியைத் தர வேண்டும் என்பது கூகுளின் விதி. அதன் பிறகு செயலியை நீக்குங்கள்.

6. சேமிப்புக் குழுவின் கணக்கை எவருடைய போனிலும் உள்ள இலவசச் செயலியில் பதிய வேண்டாம். அதில் இருப்பது இருபது பெண்களின் பெயரும் கடனும். ஒருவரின் விரலால் இருபது பேருக்காக "ஆம்" சொல்ல முடியாது. எங்கள் குழுவில் இதை ஒரு தீர்மானமாகவே எழுதி வைத்திருக்கிறோம்.

7. ஓ.டி.பி. இலக்கத்தை யார் கேட்டாலும் சொல்ல வேண்டாம். வங்கியில் இருந்து பேசுகிறோம் என்றாலும் வேண்டாம். போனுக்குப் பூட்டு இலக்கம் போடுங்கள். பூட்டிய திரையில் செய்திகள் தெரியாதபடி மாற்றி வையுங்கள்.

8. யாராவது உங்கள் தகவலையோ படத்தையோ வைத்து மிரட்டினால் பயந்து காசு கட்டவும் வேண்டாம், செய்திகளை அழிக்கவும் வேண்டாம். திரையைப் படமெடுத்து வையுங்கள். அது சாட்சி. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. இணையப் பாதுகாப்புத் தொடர்பாக இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியின் இலக்கம் 101. நிதி நிறுவனங்கள் பற்றிய முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் இலக்கம் 1935. பொலிஸில் முறையிடும்போது நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். வெட்கப்பட வேண்டியவர் மிரட்டுபவரே.

சகோதரிகளே, புதிய வசதிகளைக் கண்டு பயந்து ஒதுங்கச் சொல்லவில்லை. போன் எமக்குப் பலவற்றைத் தந்திருக்கிறது. தூரத்தில் உள்ள பிள்ளையின் முகத்தைக் காட்டுகிறது. வங்கிக்கு அலையும் பஸ் காசை மிச்சப்படுத்துகிறது. அதை நாம் பாவிப்போம். ஆனால் வீட்டுக்கு வரும் ஒருவரை முற்றத்தில் இருத்தித் தண்ணீர் கொடுத்து, வந்த காரியம் என்ன என்று கேட்டுத்தானே உள்ளே விடுகிறோம்? செயலியிடமும் அதே கேள்வியைக் கேட்போம். உனக்கு இது ஏன் தேவை? யாருக்குச் சொல்வாய்? எவ்வளவு காலம் வைத்திருப்பாய்? தெளிவான பதில் இல்லாவிட்டால் அது முற்றத்தோடு திரும்பிப் போகட்டும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, ஒவ்வொருவரும் தங்கள் போனில் உள்ள அனுமதிகளைத் திறந்து பாருங்கள். தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக் கொடுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் சரி செய்ய முடியாது. ஒரு செயலியின் ஒரு அனுமதியை நிறுத்தினாலும் அது ஒரு தொடக்கமே.